கச்சான் காற்றில் பழைய வீடு திருத்துதல்: எந்தக் குறிக்கு என்ன வைத்தியம்

அம்மம்மாவின் வீடு திருகோணமலையில் டைக் வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கடல் தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய சுவர். 1964 மார்கழிப் புயலில் கூரை போய், அதற்குப் பிறகு போட்ட ஓடு. அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போன ஒவ்வொருவரும் தம் பங்குக்கு அங்கங்கே அப்பிய சீமெந்து. இந்தச் சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு நானும் தம்பியும் திருத்த வேலையில் இறங்கினோம். இப்போது ஆடி முடியப் போகிறது. இரண்டு அறைக்குப் பூச்சு முடிந்தது, கூரையில் மேற்குப் பக்கம் முடிந்தது, குசினி வயரிங் முடிந்தது. சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான், முடிந்ததில் பாதியை இரண்டு தரம் செய்தோம்.

திருகோணமலையில் இந்த வேலைக்கு வேறு காலமும் இல்லை. ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் ஓட்டில் கை வைக்க முடியாது. வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில்தான் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அதே மாதங்களில்தான் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். தென்மேற்கிலிருந்து கிளம்பி, கொண்டுவந்த மழையை எல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டு, வெறும் சூட்டோடு கச்சான் எங்கள் பக்கம் வரும். கடலைக்கும் அந்தப் பெயர், காற்றுக்கும் அந்தப் பெயர், இரண்டும் வறுத்ததுதான். துணி காயப்போட இதைவிட நல்ல காற்று கிடையாது. சீமெந்துக்கு இதைவிடக் கெட்ட காற்றும் கிடையாது.

பக்கத்து வளவில் ஒரு மேசன் ஐயா இருக்கிறார். எழுபது தாண்டியவர். இப்போது கரண்டி பிடிப்பதில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயால் வேலை செய்வார். எந்தப் பிழையைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்பது இரண்டே கேள்விதான். "பிள்ளை, தண்ணி எங்க போச்சு?" அது இல்லையென்றால், "தண்ணி எங்க இருந்து வந்தது?" நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் கீழே உள்ள குறிகளில் அநேகமானவை இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடுகின்றன. உங்கள் வீட்டில் எந்தக் குறி தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள்.

பூசின மறுநாளே சுவரில் வலைபோல வெடிப்பு

முதலில் நகத்தால் வெடிப்பின் மேல் கோடு இழுத்துப் பாருங்கள். பிறகு விரல் முட்டியால் சுற்றிவரத் தட்டுங்கள். நகம் இறங்காத மயிரிழை வெடிப்பாக இருந்து, தட்டும்போது கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது, மேல்தோல் மட்டும் சுருங்கியிருக்கிறது. உடைக்க வேண்டாம். ஒரு கிழமை தண்ணீர் காட்டி, நன்றாகக் காயவிட்டு, பெயின்ற் அடிக்கும்போது பட்டி வைத்து மூடிவிடலாம். நகம் இறங்கினால், அல்லது சத்தம் பொள்ளலாக வந்தால், அடுத்த குறியைப் பாருங்கள்.

ஏன் வெடித்தது என்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் அடுத்த சுவரும் வெடிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. முன் அறையின் மேற்குச் சுவரைக் காலை பத்து மணிக்குப் பூசி முடித்தோம். மாலையில் பார்த்தால் காய்ந்த குளத்து மண் மாதிரி இருந்தது. நான் சீமெந்தைக் குறை சொன்னேன். "சீமெந்தக் குறை சொல்லாத பிள்ளை, சுவருக்குத் தண்ணி காட்டினியா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. காட்டினோம், ஒரு வாளி. ஐயா சிரித்துவிட்டு, பூசாத பக்கத்துச் சுவரில் ஒரு கோப்பைத் தண்ணீரை எறியச் சொன்னார். எறிந்தேன். தண்ணீர் இரண்டடி வழிவதற்குள் காணாமல் போனது. ஒரு துளியும் நிலத்துக்கு வரவில்லை. அப்படிக் குடிக்கும் கல்லின் மேல் கலவையை வைத்தால், கலவைக்குள் இருக்கும் தண்ணீரை ஒரு பக்கம் கல்லும் மறுபக்கம் காற்றும் இழுத்துக்கொள்ளும். சீமெந்து இறுகத் தேவையான தண்ணீர் அதற்குக் கிடைக்காது.

இப்போது நாங்கள் செய்வது இது. முதல் நாள் மாலை சுவர் குடிக்கும் வரை ஹோஸ் பிடிப்போம். மறுநாள் பூசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி ஒரு தரம். சுவர் கறுத்து இருக்க வேண்டும், ஆனால் மினுங்கக் கூடாது. மினுங்கினால் மேலே தண்ணீர் நிற்கிறது என்று பொருள், அதில் கலவை வழுக்கும்.

கலவையின் அளவிலும் பிழை விட்டிருந்தோம். பலமாக இருக்கட்டும் என்று ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் போட்டோம். சீமெந்து கூடக் கூடச் சுருக்கமும் கூடும். உள்பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து போதும். கனம் அரை அங்குலம். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு இரண்டாவதாகப் பூச வேண்டும். மணலையும் ஒரு தரம் சோதித்துவிடுங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், குலுக்கி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் படியும் வண்டல் மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் அந்த மணல் பூச்சுக்கு ஆகாது. கொஞ்சத்தை நாக்கில் வைத்தும் பாருங்கள். உப்புக் கரித்தால் லொறியைத் திருப்பி அனுப்புங்கள். மகாவலி ஆற்று மணல் என்று சொல்லித்தான் எல்லோரும் விற்பார்கள்.

மூன்றாவது பிழை காற்று. வெளிச்சத்துக்காக மேற்கு யன்னலைத் திறந்து வைத்திருந்தோம். இப்போது பூசும்போது அந்த யன்னல்களில் ஈரச் சாக்குத் தொங்கும். வெளிச்சம் குறைவுதான், ஆனால் வெடிப்பு இல்லை.

பூசிய மறுநாள் காலையிலிருந்து ஏழு நாள், ஒரு நாளைக்கு மூன்று தரம் பூவாளியாலோ மெல்லிய தெறிப்பாலோ நனைக்க வேண்டும். வெளிச்சுவருக்கு ஈரச் சாக்குப் போர்த்துவது நல்லது. எங்கள் ஊரில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருகோணமலையில் மான் தெருவில் திரியும் பிராணி என்பது வெளியூர்க்காரர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். இரவு கேற்றைத் திறந்துவிட்டுப் படுத்தோம். காலையில் இரண்டு சாக்கின் கீழ்ப்பாதி இல்லை. ஈரச் சாக்கை மென்றுவிட்டுப் போயிருக்கின்றன.

தலை சுற்றுகிறது, வேலை செய்பவர் கோபப்படுகிறார்

இதைக் கடைசியில் வைக்கத்தான் நினைத்திருந்தேன். தம்பிக்கு நடந்ததால் முன்னால் கொண்டுவந்தேன். வைகாசிக் கடைசியில் ஒரு நாள், பதினொன்றரை மணி. ஓட்டுக்குக் கீழே கூரை வளையைச் சுரண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று என் மேல் எரிந்து விழுந்தான். அவன் அப்படிப்பட்டவன் அல்ல. கெண்டைக்கால் இழுக்கிறது என்று இறங்கி வந்து உட்கார்ந்தான். முகம் வெளுத்து, சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது.

தசைப்பிடிப்பு, தலைவலி, ஓங்காளம், காரணமில்லாத எரிச்சல், நிறைய வியர்வை: இது உடம்பில் தண்ணீரும் உப்பும் இறங்கிவிட்டதன் குறி. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைப் பக்கீற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். இளநீர், உப்புப் போட்ட மோர் நல்லது. நெக்டோ மாதிரி இனிப்புச் சோடா இதற்கு மருந்தல்ல. அன்றைக்கு அந்த ஆள் மறுபடி ஏறக் கூடாது. "இப்ப சரி அக்கா" என்று சொன்னாலும் கூடாது.

பேச்சுத் தடுமாறினால், ஆள் குழம்பினால், உடம்பு நெருப்பாகச் சுட்டால், மயங்கினால் அது வேறு. வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். வியர்க்கிறதே என்று ஆறுதல்படாதீர்கள். உடனே 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. அது வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் குளிர்ந்த துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

அதற்குப் பிறகு எங்கள் நேரம் மாறிவிட்டது. ஐந்தே முக்காலுக்கு வேலை தொடக்கம், பத்து மணிக்கு நிறுத்தம், மூன்றரைக்கு மறுபடி, வெளிச்சம் போகும் வரை. இடையில் உள்ள நேரம் அளக்க, எண்ண, ஹாட்வெயாருக்குப் போக, படுக்க. இந்த நேரத்தால் மனிதருக்கு மட்டும் அல்ல, பூச்சுக்கும் லாபம். மாலையில் பூசிய சுவருக்கு முழு இரவும் வெயில் இல்லாமல் கிடைக்கிறது.

இன்னொன்று. வியர்த்த காலில் சீமெந்துத் தண்ணீர் பட்டு, சப்பாத்துக்குள் நின்றால் தோல் வெந்துவிடும். அப்போது வலிக்காது, இரவுதான் தெரியும். பட்டவுடன் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

தட்டினால் பொள்ளல் சத்தம்

பூச்சுச் சுவரை விட்டு நிற்கிறது. வெடிப்பு இல்லாவிட்டாலும் அது விழும். ஒரு கரித்துண்டால் பொள்ளல் சத்தம் வரும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். உள்ளங்கை அளவுக்குக் குறைந்ததை விட்டுவிடலாம். பெரியதை வெட்டி எடுக்க வேண்டும். ஓரத்தைச் சதுரமாக வெட்டினால் புதுப்பூச்சு ஒழுங்காகச் சேரும்.

வெட்டி எடுத்த துண்டைத் திருப்பிப் பாருங்கள், காரணம் அதில் எழுதியிருக்கும். பின்பக்கம் தூசு ஒட்டியிருந்தால் சுவரைத் துலக்காமல் பூசியிருக்கிறார்கள். பின்பக்கம் வழுவழுப்பாக இருந்தால் பழைய சுண்ணாம்பு வெள்ளையின் மேல் பூசியிருக்கிறார்கள். செங்கல்லின் முகமே பெயர்ந்து வந்திருந்தால் விஷயம் பெரிது. மெதுவான பழைய கல்லின் மேல் இறுக்கமான சீமெந்துப் பூச்சு. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், கல்லின் தோலோடு சேர்ந்து கழன்றிருக்கிறது. அங்கே மறுபடி சீமெந்து பூசினால் அடுத்த தரம் இன்னும் அரை அங்குலக் கல் போகும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்கு மருந்து. கீழே உப்பு பற்றிய இடத்தில் சொல்கிறேன்.

குழைத்த கலவை இருந்த இடத்திலேயே இறுகுகிறது

அளவைக் குறையுங்கள், அவ்வளவுதான். முக்கால் மணி நேரத்தில் பூசி முடிக்கக்கூடியதை மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்குத் தண்ணீர் விட்டு மறுபடி குழைத்தால் கரண்டிக்கு இதமாக இருக்கும், பூசவும் வரும், ஆறு மாதத்தில் மாவாக உதிரும். எறிய மனம் வராவிட்டால் வளவுக்குள் பள்ளம் ஏதாவது நிரவுங்கள்.

எங்கள் கலவை ஏன் அவ்வளவு விரைவாக இறுகியது என்று யோசித்தபோது தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். கூரைக்கு மேல் இருக்கும் கறுப்புத் தொட்டித் தண்ணீர். மத்தியானம் அது கன்னியா வெந்நீர்க் கிணறு. மணல் குவியலும் வெயிலில் கிடந்தது. சூடான மணலும் சூடான தண்ணீரும் சேர்ந்தால் சீமெந்து அவசரப்படும். காலையிலேயே ஒரு பரல் தண்ணீர் பிடித்து வேம்பின் கீழ் வைத்தோம், மணலுக்குத் தென்னோலை போட்டு மூடினோம். சரியாகிவிட்டது. சீமெந்துப் பையையும் நிலத்தில் வைக்காதீர்கள். பலகை மேல், சுவரில் முட்டாமல் வையுங்கள். விரலால் நசுக்கக் கரையாத கட்டி இருந்தால் அந்தப் பையைப் பூச்சுக்கு எடுக்க வேண்டாம்.

சுவரின் அடியில் வெள்ளைப் பூ, பெயின்ற் செதில் செதிலாக உதிர்கிறது

கடலோரப் பழைய வீடுகளில் இதுதான் பெரிய நோய். இதற்குத்தான் நாங்கள் அதிக காசும் நேரமும் வீணாக்கினோம்.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. சுவருக்குள் ஈரம் ஏறும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மணியாகி நிற்கிறது. மணியாகும்போது அது பருக்கும். பருத்து, பூச்சைத் தள்ளி உதிர்க்கும். மழைக்காலத்தில் சுவர் ஈரமாக இருக்கும், பூ தெரியாது. கச்சான் வீசத் தொடங்கினால்தான் பூக்கும். ஆகவே உப்பு வெயிலில் வருகிறது என்று நினைக்காதீர்கள். அது உள்ளே இருந்தது, இப்போது வெளியே வருகிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் இறுக்கமாகச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப்பக்கம் துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் துளி நின்றால் அறைக் காற்றில் இருக்கிறது. யன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

சுவருக்குள் இருந்தால் வெளியே போய் நிலத்தைப் பாருங்கள். வீட்டு நிலத்தை விட வளவு ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வளவு சமமாக இருந்தது. வருடா வருடம் மணல் கொட்டிக் கொட்டி உயர்ந்த வளவு, அதற்கு மேல் யாரோ சுவரோடு ஒட்டிப் போட்ட சீமெந்துத் தளம். அந்தத் தளத்தில் சுவரோரம் ஒன்றரை அடியை உடைத்து, தோண்டி இறக்கி, சல்லி போட்டோம். இரண்டு கிழமையில் பின் அறைச் சுவரில் ஈரக்கோடு கண்ணுக்குத் தெரியக் கீழே இறங்கியது. பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன், அதனால் சொல்கிறேன்.

குளியலறைச் சுவர் அப்படி மசியவில்லை. 2004 மார்கழி 26 அன்று கடல் இந்த ஒழுங்கைக்குள்ளும் வந்தது. அந்தச் சுவரில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் அன்றே வடிந்துவிட்டது. உப்பு வடியவில்லை. பிறகு யாரோ அந்த உயரம் வரைக்கும் கனத்த சீமெந்துப் பூச்சுப் பூசி மூடியிருக்கிறார்கள். மூடியதால் ஈரம் அதற்கு மேலே ஏறி, இப்போது இடுப்பு உயரத்தில் பூக்கிறது. நாங்கள் செய்த முட்டாள்தனம், அதன் மேல் தண்ணீர் புகாத பெயின்ற் இரண்டு கை அடித்தது. இரண்டு மாதத்தில் அது தோசை மாதிரிக் கழன்று வந்தது.

உப்புச் சுவருக்கு மூடும் வைத்தியம் ஆகாது, இழுக்கும் வைத்தியம்தான். சீமெந்துப் பூச்சைக் கல் தெரியும் வரை எடுத்துவிடுங்கள். பூவைக் காய்ந்த தும்புக்கட்டையால் தட்டி, கீழே கடதாசி விரித்து ஏந்தி, வளவுக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு பழைய பத்திரிகைகளை ஓரிரவு நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிசைந்து கூழாக்கி, விரல் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். சுவர் ஈரமாகி உப்பு கரையும். கூழ் காயும்போது தண்ணீர் அதன் வழியாக வெளியே வரும், உப்பு கூழிலேயே தங்கிவிடும். கச்சான் காற்று உருப்படியாகச் செய்யும் ஒரு வேலை இதுதான், நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். முதல் தரம் கழற்றியபோது ஓரமெல்லாம் வெள்ளை. தம்பி ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நெத்தலிக் கருவாடு" என்றான். மூன்று தரமாவது செய்ய வேண்டும்.

நல்ல தண்ணீர் என்று ஏன் சொன்னேன் என்றால், கடலோரக் கிணறுகள் ஆடி ஆவணியில் உவர்த்துவிடும். எங்கள் கிணற்றில் அள்ளி முன் அறைப் பூச்சுக்குத் தெளித்ததில் அங்கேயும் மெல்லிய பூ வந்தது. அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி வைத்துப் பாருங்கள். வாயில் வைக்க முடியாவிட்டால் சுவருக்கும் வேண்டாம். கலவைக்கும் தெளிப்புக்கும் கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்தான், விடிய முன் பிடித்துவைத்தது.

மறுபூச்சு சுண்ணாம்பில். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது. கடையில் கிடைக்கும் சுண்ணாம்புத் தூளை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்தால் கலவை வெண்ணெயாக வரும். நிறையப் பொறுமை வேண்டும். சீமெந்து மாதிரி மறுநாள் கல்லாகாது, காற்றைக் குடித்துத்தான் மெல்ல இறுகும். அதுவரை வெயில் படாமல், பனிபோலத் தண்ணீர் தெளித்து வைத்திருக்க வேண்டும். கண்ணில் படக்கூடாது, கண்ணாடி போடுங்கள். பிடிக்கட்டும் என்று ஒரு கோப்பை சீமெந்து சேர்க்கச் சிலர் சொல்வார்கள். நான் சேர்க்கவில்லை. அந்த ஒரு கோப்பையால்தான் இந்த வீடு இப்படி ஆனது என்று எனக்கு ஒரு கோபம். இந்தப் பூச்சும் எல்லாக் காலத்துக்கும் நிற்காது. மிச்ச உப்பை வாங்கிக்கொண்டு அது உதிரும், கல் தப்பும். அதற்குத்தான் அது.

பெயின்ற் கொப்பளிக்கிறது, தூரிகைக் கோடு அப்படியே நிற்கிறது

கோடு நின்றால் சுவர் சூடாக இருந்திருக்கிறது. தூரிகை திரும்பி வருவதற்குள் முதல் இழுப்புக் காய்ந்துவிட்டது. உள்ளங்கையை வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்க முடியாத சுவரில் பெயின்ற் அடிக்காதீர்கள். காலையில் மேற்குச் சுவர், மாலையில் கிழக்குச் சுவர். வெயிலுக்குப் பின்னால் போங்கள், முன்னால் போக வேண்டாம்.

கொப்பளத்தை ஊசியால் குத்துங்கள். ஈரம் வந்தால் சுவர் காயவில்லை. புதுப்பூச்சு வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் நான்கு கிழமை விட வேண்டும். ஈரம் இல்லாமல் வெள்ளைத் தூள் வந்தால் கீழே பழைய சுண்ணாம்பு வெள்ளை இருக்கிறது. அதைச் சுரண்டி, பிரைமர் அடித்த பின்தான் மேல் பெயின்ற். பழைய கதவு, யன்னலில் உள்ள எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே வேண்டாம். நனைத்துத் தேய்த்து, கழிவை அள்ளிக் கட்டி எறியுங்கள்.

கதவு நிலையோடு சேரவில்லை, நாதாங்கி எட்டவில்லை

ஒன்றும் செய்யாதீர்கள். வெயிலில் மரம் சுருங்கியிருக்கிறது. இப்போது இடைவெளியை அடைத்தால் கார்த்திகையில் கதவு திறக்காது. எங்கள் முதிரை மர நிலைகள் எழுபது வருடமாக இந்த விளையாட்டை விளையாடுகின்றன. நாதாங்கியின் ஓட்டையைக் கொஞ்சம் நீளமாக்கினால் இரண்டு காலத்துக்கும் போதும். மரத்தைத் தட்டும்போது மட்டைச் சத்தம் வந்தால் அது கறையான், வேறு கதை. சுவரில் மண்குழாய் எங்கே ஏறுகிறது என்று தேடி, அது புறப்படும் இடத்தில் மருந்தடிக்க வேண்டும்.

ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருக்கிறது

மறுபடி மறுபடி தூக்கிவிடாதீர்கள், அது சும்மா விழவில்லை. எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகப் போட்டு எதில் விழுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது ஈரச்சுவர். பூச்சுக்குத் தண்ணீர் காட்டியபோது பழைய பிளக் பெட்டிக்குள் போயிருந்தது. ஹோஸ் பிடிக்கும் சுவரின் மின்சாரத்தை முதலே நிறுத்திவிடுங்கள். ஒன்றும் போடாமலே விழுந்தால் வயர் பழுது. அதை அனுமதிப்பத்திரம் உள்ள மின் வேலைக்காரரிடம் விட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் நாங்கள் செய்யவில்லை. நீட்டு வயரைச் சுருளோடு வைத்து கிரைண்டர் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். சுருளுக்குள் சூடு ஏறி வயர் உருகும். முழுதாக விரித்துவிட்டுப் போடுங்கள்.

யன்னல் மேல்தட்டில் துருக்கோடு, சீமெந்து துண்டாக விழுகிறது

உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, பருத்து, கொங்கிறீற்றைத் தள்ளுகிறது. விழுந்த இடத்தில் மட்டும் சாந்து அப்பினால் ஒரு மழையில் அது விழும். கம்பியின் பின்பக்கம் விரல் போகும் அளவுக்குக் கொத்தி எடுத்து, துரு இல்லாத இரும்பு தெரியும் வரை இருபக்கமும் வெட்டிக்கொண்டு போங்கள். கம்பித் தூரிகையால் மினுங்கத் தேய்த்து, அன்றே துரு தடுக்கும் பிரைமர் அடியுங்கள். இங்கே ஓர் இரவு விட்டால் மறுநாள் செம்மஞ்சள் படிந்திருக்கும். கம்பி நூலாக மெலிந்திருந்தாலோ, இது தட்டாக இல்லாமல் வளையாகவோ தூணாகவோ இருந்தாலோ, கொத்துவதை நிறுத்திவிட்டு ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

கூரை எங்கே ஒழுகும் என்று வெயிலில் எப்படித் தெரியும்

மழை இல்லாத காலத்தில் கூரை திருத்துபவர்களின் பிரச்சினை இது. விடை மத்தியானத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு, வெளியே வேலை செய்ய முடியாத நேரத்தில், அறைக் கதவையும் யன்னலையும் சாத்தி, பழைய சேலையால் இடுக்கை மூடி, நிலத்தில் படுத்து மேலே பாருங்கள். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். பிறகு ஒவ்வொரு பொட்டாக வெளிச்சம் தெரியும். அந்த இடங்களில் எல்லாம் மழை வரும். ஒருவர் கீழே படுத்திருந்து சொல்ல, இன்னொருவர் ஏணியில் ஏறி, ஓட்டைத் தாங்கும் சலாகையில் சோக்கால் குறி போட வேண்டும். கூர்மையான வெளிச்சப் புள்ளி என்றால் ஓட்டில் ஓட்டை. கோடாக விழுந்தால் ஓடு விலகியிருக்கிறது. வெளிச்சமே இல்லாமல் சலாகையில் கறுத்த படலம் இருந்தால் ஓட்டின் வெடிப்பு வழியாகத் தண்ணீர் கசிந்திருக்கிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவற விடுகிறார்கள்.

ஏறுவது விடியற்காலையில்தான். ஒன்பது மணிக்கு ஓடு காலைச் சுடும், அவசரப்படுவோம், இன்னும் இரண்டு ஓடு உடையும். குறுக்கே பலகை போட்டு, அதில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். முகட்டு ஓட்டுக்குக் கலவை வைக்குமுன் ஓட்டைத் தண்ணீரில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். காய்ந்த ஓட்டில் வைத்தது மாலையில் விட்டுவிடும். பனை வளைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். வைரம் உள்ள வளையில் முனை இறங்காது, அதை மாற்றவே வேண்டாம், இனி அப்படி மரம் கிடைக்காது. இறங்கினால் அந்த வளைக்குப் பக்கத்தில் புதிது ஒன்று போட்டு இணைத்துவிடுங்கள்.

பின் விறாந்தைக்கு அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால், அதைக் காய்ந்தபடி வெட்டவோ துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்குங்கள். நெஞ்சுக்குள் போகும் தூசு அது, நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தில் 63 குறிகள் இருந்தன. எல்லாம் முடிந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் படுத்துப் பார்த்தபோது ஒரு பொட்டும் இல்லை, நல்ல இருட்டு. கிழக்குப் பக்கத்தை நேற்று எண்ணினோம், 41. ஆவணிக்குள் முடித்துவிடலாம் என்றான் தம்பி. இன்று விடிய, கோட்டைப் பக்கமிருந்து வந்த குரங்குக் கூட்டம் ஒன்று முகட்டில் இருந்து பேன் பார்த்துவிட்டு, மேற்குப் பக்கத்தால் இறங்கிப் போனது. மத்தியானம் மறுபடி சேலை கட்டிப் படுக்க வேண்டும்.